கட்டளையிடும் கல்வி யாருக்கு?

(குன்னத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு. வர இயலாத தோழர்களும் படித்துச் சிந்திக்கவேண்டும் என்பதற்காக இங்கே தரப்படுகிறது.)

காட்டு வேலையும் கூலி வேலையும் முடித்து, உடல் அலுப்பைப் பொருட்படுத்தாது வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! நாளை ஏட்டிலே இதனைப் படிக்கப்போகும் நண்பர்களே!

கூட்டம் என்றதும், மாற்றுக் கட்சியாருக்குச் சூடான பதில் கிடைக்கும், கைதட்டி மகிழலாம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று அந்த விருந்து இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதிலும் ஒரேயொரு பாடத்தைப் பற்றி — கணினிக்கு நிரல் எழுதும் பாடத்தைப் பற்றி. "இதென்ன, ஆசிரியர் கூட்டத்தில் பேசவேண்டியதை அரசியல் மேடையில் பேசுகிறார்?" என்று கேட்கத் தோன்றும். அரசியல்தான் தோழர்களே! யாருக்கு எதைக் கற்பிப்பது, யாருக்கு எதை மறைப்பது என்பதைவிடப் பெரிய அரசியல் ஒன்று இந்த நாட்டிலே என்றைக்காவது இருந்திருக்கிறதா?

மேடைக்கு வருமுன் தாய் ஒருவர் என்னை நிறுத்தினார். சின்ன வெங்காயம் ஆய்ந்து கூலி வாங்குபவர். "ஐயா, எம் பொண்ணு பதினொன்னாவதுல கம்ப்யூட்டர் குரூப்பு கேட்டுச்சு. எடமில்லேன்னு வேற குரூப்புல போட்டுட்டாங்க. அது படிக்காட்டி இனிமே பொழைக்கவே முடியாதாமே, நெசமா?" என்று கேட்டார். "கூட்டத்தில் சொல்கிறேன் அம்மா" என்று கூறிவிட்டு வந்தேன். இங்கே நான் பேசுவதெல்லாம் அந்தத் தாய்க்குத் தரவேண்டிய பதில்தான்.

வெங்காயமும் கோலமும்

முதலில் அச்சத்தைப் போக்கிக்கொள்வோம். நிரல் எழுதுவது என்றால் ஏதோ அமெரிக்காவிலே பிறந்தவர்க்கு மட்டுமே வாய்த்த மந்திரம் என்று எண்ணுகிறோம். அந்தத் தாய் நாள் முழுதும் என்ன செய்கிறார்? குவியலிலிருந்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுக்கிறார். அழுகலா என்று பார்க்கிறார். அழுகலென்றால் ஒதுக்குகிறார், இல்லையென்றால் அளவு பார்த்து, பெரிதை ஒரு கூடையிலும் சிறிதை மற்றொரு கூடையிலும் இடுகிறார். குவியல் தீரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார். இந்த வரிசையைத்தான் நம் பிள்ளைகளின் பாடநூல் 'நெறிமுறை' என்கிறது. திரும்பத் திரும்பச் செய்வதற்கு 'மடக்கு' என்று பெயர். அந்த நெறிமுறையை இயந்திரம் புரிந்துகொள்ளும் மொழியில் பிழையின்றி எழுதிவிட்டால் அதுவே நிரல்.

வெங்காயம் ஆய்வது மட்டுந்தானா? வாசலிலே கோலமிடும் பெண்ணைப் பாருங்கள். புள்ளி எத்தனை, வரிசை எத்தனை, கோடு எங்கே வளையவேண்டும், எத்தனை முறை திரும்பவேண்டும் — அத்தனையும் விதிப்படி நடக்கிறது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் இந்தக் கோலங்களை ஆராய்ந்தார்கள். கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உலகெங்கும் உள்ள கணினி அறிஞர்கள் அதைப் படித்தார்கள். கோலமிட்ட நம் பாட்டிமார்களுக்கு மட்டும் தாங்கள் கைவிரலில் வைத்திருந்தது என்னவென்று எவரும் சொல்லவில்லை! அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. அதற்குப் பெயர் சொல்லிக்கொடுக்கும் பள்ளிதான் நம்மிடம் இல்லை.

கைநாட்டின் கதை

"இருக்கட்டும். எல்லோரும் ஏன் கற்கவேண்டும்? வேலைக்குப் போகிறவன் கற்றுக்கொள்ளட்டுமே" என்பர் சிலர். நம் பாட்டன் காலத்திலும் இப்படித்தான் சொன்னார்கள். "உழுகிறவனுக்கு எழுத்து எதற்கு? பத்திரம் எழுதக் கணக்குப்பிள்ளை இருக்கிறாரே!" என்றார்கள். கணக்குப்பிள்ளை எழுதினார். பாட்டன் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். எழுதியது கடன் பத்திரமா, கிரயப் பத்திரமா என்று அவருக்குத் தெரியாது. நிலம் போன பிறகுதான் தெரிந்தது. எழுதித்தர ஆள் இல்லாததால் அல்ல, எழுதியதைப் படிக்கத் தெரியாததால் நிலம் போயிற்று.

இன்றைய நிலை என்ன? ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம். 'பொருந்தவில்லை' என்கிறது பெட்டி. நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார்களுக்கு 2023ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலியில்தான் செய்யவேண்டும் என்று ஆக்கினார்கள். காட்டிலே அலைவரிசை கிடைக்காவிட்டால் அன்றைய கூலிக்கு ஆபத்து. கடன் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பதும், கல்வி உதவித்தொகைப் பட்டியலைச் சலித்தெடுப்பதும் நிரல்களே. அன்று பத்திரத்தில் வைத்த பெருவிரலை இன்று பெட்டியில் வைக்கிறோம். உள்ளே எழுதியிருப்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆகவேதான் சொல்கிறேன்: நிரலறிவு எழுத்தறிவுக்கு அடுத்த அறிவு. அது ஒரு தொழிலின் பெயராக மட்டும் இருக்கக்கூடாது. குடிமகனின் தகுதியாக ஆகவேண்டும்.

இது என் புதுக்கண்டுபிடிப்பு அல்ல. சோவியத் நாட்டு அறிஞர் ஆந்த்ரே எர்ஷோவ் 1981இல், நிரல் எழுதுவதை 'இரண்டாம் எழுத்தறிவு' என்றே அழைத்தார். 1985 செப்டம்பரில் அந்நாட்டுப் பள்ளிகளில் அது பொதுப்பாடமாயிற்று. பெரும்பாலான பள்ளிகளில் கணினி இல்லை. கரும்பலகையிலும் காகிதத்திலும் நெறிமுறை எழுதிக் கற்றார்கள். அந்த அரசு பின்னர் வீழ்ந்தது. ஆனால், 'இது எல்லாப் பிள்ளைக்கும் உரியது' என்ற அந்த எண்ணம் வீழவில்லை.

பாடத்திட்டத்தில் இடம் எங்கே?

நம் நாட்டுக் கதை வேறுவிதமாகத் தொடங்கிற்று. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின்கீழ் இங்கிலாந்திலிருந்து 'பிபிசி மைக்ரோ' கணினிகளைத் தருவித்தது. இத்தனை பெரிய நாட்டில் முதலில் சில நூறு பள்ளிகளுக்கே அவை போய்ச் சேர்ந்தன. அந்தப் பெட்டியைக் காணாமலே ஒரு தலைமுறை பள்ளியை விட்டு வெளியேறியது.

தமிழகம் பின்னர் வேகமாக நடந்தது; அதை மறைக்கத் தேவையில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழுக்கு ஒரு பொது விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2011 முதல் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் சில ஆண்டுகள் வழங்கப்பட்டன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழியே பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, 2018இல் பதினொன்றாம் வகுப்புக்குச் சி பிளஸ் பிளஸ், 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்று நிரல்மொழிகள் வந்தன. தமிழ் வழியிலும் நூல்கள் வந்தன. மாறி, மடக்கு, செயற்கூறு என்று கலைச்சொற்கள் நம் பிள்ளைகளின் நாவிலே தமிழாகவே ஏறின. இவையெல்லாம் நன்மைகள்.

ஆனால் இடம் எங்கே கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில்! அதிலும் அந்தப் பாடப்பிரிவில் இடம் கிடைத்தவர்க்கு! உயிரியல் பிரிவுக்குப் போன பிள்ளைக்கு இல்லை. வரலாற்றுப் பிரிவுக்குப் போன பிள்ளைக்கு இல்லை. பத்தாவதோடு நின்று கோயம்புத்தூர் ஆலைக்கோ வளைகுடா நாட்டுக்கோ போன பிள்ளைக்கு அறவே இல்லை. கணினி அறிவியல் படித்த பிள்ளைக்காவது அதனால் மதிப்புண்டா? பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் மட்டுமே சேரும். இரண்டாண்டு கணினி படித்தவன் கணினிப் பொறியியல் கேட்டுப் போகிறான். அவன் கற்ற கணினிக்கு அங்கே ஒரு மதிப்பெண் இல்லை!

கீழ் வகுப்புகளில் என்ன நிலை? ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணித நூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்ற இயல் இருக்கிறது. நல்ல இயல், ஆய்வகமே தேவையில்லாமல் நிரலறிவுக்கு அடித்தளம் இடுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'ஸ்கிராட்ச்' என்ற எளிய நிரல்மொழி அறிமுகமாகிறது. எந்த அலகில்? 23ஆவது அலகில் — நூலின் கடைசி அலகில்! பொதுத்தேர்வு நெருங்கும்போது கடைசி அலகுக்கு என்ன நேரும் என்பதை ஆசிரியரும் அறிவார், மாணவரும் அறிவார். பந்தியிலே கடைசி இலையில் அமர்ந்தவனுக்குப் பாயசம் வந்து சேர்ந்த கதைதான்.

2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவு, ரோபோ நுட்பம், இணையக் கருவிகள் ஆகியவற்றைக் கற்பிக்க 'டி.என். ஸ்பார்க்' என்ற திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்போம். வரவேற்றுவிட்டுக் கேட்போம்: கற்பிப்பவர் யார்? கணக்கு ஆசிரியரின் தோளில் இன்னுமொரு மூட்டையா? அல்லது அந்தப் பாடத்துக்கென்றே படித்த ஆசிரியரா? 2019இல் கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்குத் தேர்வு நடந்தபோது அறிவிக்கப்பட்ட இடங்கள் 814. கணினி அறிவியலில் பட்டம் பெற்று, பி.எட்.டும் முடித்துக் காத்திருந்தோரோ ஏராளம். ஒருபுறம் ஆசிரியரில்லாத பாடம். மறுபுறம் பாடமில்லாத ஆசிரியர்!

ஒரு பள்ளியில் நானே கண்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆய்வகம் பளிச்சென்று இருந்தது. கணினிகளின்மேல் துணி போர்த்தியிருந்தது. "பிள்ளைகள் எப்போது வருவார்கள்?" என்றேன். "இணையவழித் தேர்வு இருந்தால் வருவார்கள், மற்றபடி பதிவேற்ற வேலைக்குத்தான் பயன்படுகிறது" என்றார்கள். கணினி இருந்தது, மின்சாரம் இருந்தது. கால அட்டவணையில் ஒரு பாடவேளை இல்லை. அதனால் எதுவுமே இல்லை.

இருபுறமும் பள்ளம்

இந்தப் பாதையின் இருபுறமும் பள்ளம் இருக்கிறது. ஒரு பள்ளம், இக்கல்வி பணமுள்ளவர்க்கு மட்டும் போய்ச் சேர்வது. நகரத்துத் தனியார் பள்ளியில் சிறு வயதிலேயே நிரல் கற்கிறார்கள். 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவுக் கல்வி என்று 2025இல் ஒன்றிய அரசு அறிவித்தது. அங்கே எட்டு வயது. இங்கே பதினாறு வயது — அதுவும் இடம் கிடைத்தால்! எட்டாண்டு முன்னே ஓடத் தொடங்கியவனோடு இவளையும் ஒரே பந்தயத்தில் நிறுத்திவிட்டு, 'தகுதி, திறமை' என்று பேசுவார்கள்.

மற்றொரு பள்ளம், ஏழைப் பிள்ளைக்கு இதையும் வெறும் கைத்தொழிலாக்கித் தருவது. 1953இல் இராஜாஜி ஆட்சியில் வந்த திட்டத்தை மறந்துவிட்டோமா? அரை நாள் பள்ளி, அரை நாள் தகப்பன் தொழில். 'குலக்கல்வி' என்று நாடு கொதித்தது. 1954இல் காமராசர் அதை நீக்கினார். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளில் நிரல் எழுதும் பயிற்சி வேண்டும் என்கிறது. அதே ஏடு, அதே ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பயிற்சி பெறட்டும் என்றும் சொல்கிறது. எந்தப் பிள்ளைக்கு முன்னது வாய்க்கும், எந்தப் பிள்ளைக்குப் பின்னது வாய்க்கும் என்பதைக் கூறச் சோதிடர் வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்வேன். நான்கு கட்டளையை மனப்பாடம் செய்வித்து, தரவு உள்ளிடும் கூலியாகப் பிள்ளையை அனுப்பினால், அதுவும் குலக்கல்விதான். கருவி மட்டுமே புதிது.

மூன்று கேள்விகள்

எதிர்த்துக் கேட்போர் முட்டாள்கள் அல்லர். அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை நமக்குண்டு.

"கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளிக்குக் கணினியா?" என்கிறார்கள். இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது, சோறு கேட்டவனிடம் முதலில் வேட்டி வாங்கு என்பது போன்றது. தொடக்க வகுப்புக்குக் கணினியே தேவையில்லை. கரும்பலகையும் கோலமாவும் வெங்காயக் கூடையும் போதும். சோவியத் பள்ளிகள் கரும்பலகையில் தொடங்கியதைச் சொன்னேன். நியூசிலாந்து நாட்டு ஆசிரியர்களும் கணினியின்றியே கணினி அறிவியல் கற்பிக்கும் முறையை வகுத்து உலகுக்குத் தந்திருக்கிறார்கள்.

"இங்கிலீஷ் தெரியாமல் முடியுமா?" என்கிறார்கள். முத்து அண்ணாமலை 'எழில்' என்றொரு நிரல்மொழியைத் தமிழிலேயே உருவாக்கியிருக்கிறார். 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிப்பிக்கிறது. 'ஆனால்' என்றால் நிபந்தனை பார்க்கிறது. பைத்தானிலும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டலாம். சிந்திக்கத் தமிழ், பின்னர் உலகோடு உறவாட ஆங்கிலம். வரிசை அதுதான்.

"இப்போது நிரலை இயந்திரமே எழுதித் தருகிறதே, இனி எதற்குக் கற்பது?" என்பது மூன்றாவது கேள்வி. மூன்றிலும் இதுதான் கூரியது. நேர்மையாகச் சொன்னால், நாளைய வேலை இன்றைய வேலைபோல் இராது. அதனால்தான் இதை வேலைக்கான பாடமாக மட்டும் வைக்காதீர்கள் என்கிறேன். கணக்குப்பிள்ளையின் இடத்தில் இயந்திரம் வந்து அமர்ந்திருக்கிறது. எழுதுவதெல்லாம் அது எழுதும். சரி பார்ப்பது யார்? தப்பென்று கண்டுபிடிப்பது யார்? படிக்கத் தெரிந்தவன்தானே! எழுதுகிறவன் வேறாள் ஆக ஆக, படிக்கத் தெரியவேண்டிய தேவை கூடுமே தவிரக் குறையாது.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கேரளம் 2001இல் தொடங்கிப் பொதுப்பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தை ஒழுங்கான பாடமாக்கியது. ஆசிரியர் சங்கம் குரல் எழுப்பியதால், காசு கொடுத்து வாங்கும் ஒரே நிறுவனத்து மென்பொருளை நம்பாமல், கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டது. 2025இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ரோபோ நுட்பம் என்னும் நிலைக்கு வந்தது. இங்கிலாந்தைப் பாருங்கள். 2014 முதல் ஐந்து வயதிலிருந்தே கணினிப் பாடம் என்று சட்டம் செய்தது. ஆனால் 2017இல் அந்நாட்டு ராயல் சொசைட்டி ஆராய்ந்தபோது என்ன கண்டது? ஆசிரியர் போதவில்லை, பதினாறு வயதுத் தேர்வில் கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்பிள்ளைகள் 20 விழுக்காடுதான். சட்டம் எழுதுவது எளிது. ஆசிரியரை உருவாக்காமல், பெண்பிள்ளையை முன்னிறுத்தாமல் விட்டால் செல்வ நாட்டிலும் அது பாதிப் பயனே தரும் என்பது நமக்குப் பாடம்.

குழுமூர் கற்பித்த பாடம்

இந்தத் தொகுதியில் நின்றுகொண்டு கல்வியைப் பற்றிப் பேசுகிறவன் ஒரு பெயரைச் சொல்லாமல் இறங்க முடியாது. குழுமூர் அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017இல் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றாள். அவள் படித்தது ஒரு பாடத்திட்டம். வாசலில் நின்றவர்கள் கேட்டது வேறொரு தேர்வு. உச்சநீதிமன்றம் வரை சென்று முறையிட்டாள். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவளை இழந்தோம். நாடே அழுதது.

அழுதோம், சரி. கற்றோமா? வாசலை மாற்றுகிறவர்கள் நமக்குச் சொல்லிவிட்டு மாற்றுவதில்லை. நாளை ஏதோவொரு மேற்படிப்புக்கு, ஏதோவொரு பணிக்கு, 'நிரலறிவு கட்டாயம்' என்று ஒரு பலகை தொங்கும். அன்றைக்கு, 'எங்கள் பள்ளியில் சொல்லித்தரவில்லையே' என்று எந்தக் குழுமூர்ப் பெண்ணும் நீதிமன்றப் படியேறக்கூடாது. வாசலில் நின்று முறையிடுவதும் கடமைதான். வாசல் மாறுமுன்பே வீட்டுக்குள் விளக்கேற்றி வைப்பது அதைவிடப் பெரிய கடமை.

நாம் கேட்பது என்ன?

நம் கோரிக்கை நீண்ட பட்டியல் அல்ல. ஆறு முதல் பத்து வரை எல்லாப் பிள்ளைக்கும், எந்தப் பிரிவென்ற பேதமின்றி, கால அட்டவணையில் கணினிக்கென்று பாடவேளை வேண்டும். கடைசி அலகாக அல்ல, தனிப் பாடமாக. அதற்கென்று படித்த ஆசிரியர், ஒப்பந்தக் கூலியாக அல்ல, பணியிடத்தோடு வேண்டும். தமிழில் வேண்டும். கட்டற்ற மென்பொருளில் வேண்டும். பிள்ளையை வடிகட்டும் இன்னொரு தேர்வாக அது ஆகிவிடக்கூடாது. பொறியியல் சேர்க்கையில் கணினி அறிவியலுக்கும் உரிய மதிப்பு வேண்டும்.

கோரிக்கையை அரசுக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் சாய்வதா? கூடாது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர்கள் இடம்பெற்ற பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். சண்டைக்காக அல்ல, நான்கு கேள்வி கேட்பதற்காக. ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது? எந்த வகுப்புக்கு எத்தனை பாடவேளை? சொல்லிக்கொடுப்பவர் யார்? விசைப்பலகையில் கை வைப்பது யார் — பையன்கள் மட்டுமா, பெண்பிள்ளைகளும் உண்டா? பதிலை எழுதி வாங்குங்கள். நம் படிப்பகங்களில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். கணினி படித்துவிட்டு ஊரிலிருக்கும் இளைஞர்கள் கரும்பலகையில் தொடங்கட்டும்.

நான் பதில் சொல்லவேண்டிய அந்தத் தாய் இன்னும் கூட்டத்தில் இருக்கிறார் என்று நம்புகிறேன். அம்மா! கணினிப் பிரிவு கிடைக்காவிட்டால் உங்கள் மகள் பிழைக்க முடியாது என்பது பொய். உயிரியல் படித்தும் உயரலாம், வரலாறு படித்தும் உயரலாம். ஆனால், அவள் எதைப் படித்தாலும், அவள் வாழ்வைத் தீர்மானிக்கும் பெட்டிக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் உரிமை அவளுக்கு உண்டு. அந்த உரிமையை ஒரு பாடப்பிரிவின் இருக்கைக் கணக்கில் அடைத்து வைத்தது நம் குற்றம், அவள் குற்றமல்ல. இடமில்லை என்று இன்னொரு பிள்ளையைத் திருப்பி அனுப்பாத பள்ளியை இந்தக் குன்னத்தில் காணும்வரை உழைப்போம்.